ஓதத்தின் வேளை அறிந்தோர்

சென்னைக் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்கச் செல்வோர் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. அக்கரையில் நீர்மட்டத்தின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே ஓதம் என்ற சொல்லை இலக்கியத்தில் படிக்கும்போது கரையை மோதும் அலையின் ஓசையே நம் நினைவுக்கு வருகிறது. துறைமுகத்தின் கதவைத் திறந்து மூடும் ஒரு பெருஞ்சக்தியாக அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேற்குக் கரையில், குஜராத்தின் காம்பே வளைகுடாவுக்குச் சென்றால் இந்த எண்ணம் மாறிவிடும். பாவ்நகர்ப் பக்கத்தில், அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களை ஒட்டி, கடல்நீர் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மூன்று மாடி உயரம் என்று சொல்லலாம். காலையில் கப்பல் மிதந்த இடம் நண்பகலில் சேற்றுவெளியாகக் கிடக்கும். மாலையில் அதே இடத்தில் மீண்டும் கடல் நிற்கும். இத்தகைய கடலை அடுத்த ஓர் ஆற்றுத் துறைக்குள், இயந்திரமும் கடிகாரமும் இல்லாத காலத்தில், காற்றை நம்பிய பாய்மரக் கலத்தை எந்த வேளையில் எங்ஙனம் கொண்டு சென்றனர் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். சந்திரனும் சூரியனும் கடல்நீரைத் தம்பால் ஈர்ப்பதால் ஓதம் உண்டாகிறது. உவா நாட்களில் இரண்டின் ஈர்ப்பும் ஒரே திசைக்கோட்டில் அமைவதால் ஓதம் வலுப்பெறுகிறது; அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தளர்கிறது. இது உலகெங்கும் பொதுவான விதி. காம்பே வளைகுடாவின் வடிவம் இவ்விதிக்கு மேலும் வலுவூட்டுகிறது. அவ்வளைகுடா வாயில் அகன்று, உள்ளே செல்லச் செல்லக் குறுகி, ஆழமும் குறைந்து, புனல் போல் அமைந்துள்ளது. அகன்ற வாயில் புகுந்த நீர் குறுகிய இடத்தில் ஒதுங்க வழியின்றி மேலே எழும்புகிறது. நீரோட்டத்தின் வேகமும் பெருகி, உவா நாட்களில் மணிக்கு ஆறு கடல் மைலையும் தாண்டுகிறது. நல்ல காற்றில் பாய் விரித்த பழைய வணிகக் கலத்தின் வேகம்கூட இதற்கு ஈடாகாது. ஆதலால் எதிர்த்து வரும் ஓதத்தில் பாய்மரக் கலம் முன்னேற இயலாது, பின்னுக்கே தள்ளப்படும்.

ஓதம் மிகக் குறைவாக உள்ள மத்தியதரைக் கடலிலிருந்து வந்த மாலுமிகளுக்கு இது பேரச்சத்தைத் தந்தது. கி.மு. 325இல் மகா அலெக்சாந்தரின் கப்பற்படை சிந்து நதியின் வழியே கடலை நோக்கிச் சென்றபோது நிகழ்ந்ததை அரியன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார். உள்ளூர் மக்கள் அஞ்சி ஓடிவிட்டதால் வழிகாட்ட ஆளில்லை. அலெக்சாந்தர் வீரர்களை அனுப்பிச் சிலரைப் பிடித்துவரச் செய்து, அவர்களைக் கொண்டு வழியறிய வேண்டியிருந்தது. பின்னர் ஒரு கால்வாயில் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றபோது நீர் வற்றி, அவை தரையில் அமர்ந்துவிட்டன. திகைத்து நின்ற படையினர் தெளிவதற்குள் கடல் மீண்டும் பாய்ந்து வந்தது. சேற்றில் நிமிர்ந்து அமர்ந்திருந்த கப்பல்களை அது சேதமின்றித் தூக்கிவிட்டது. கெட்டித் தரையில் சாய்ந்து கிடந்தவை ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. உலகை வெல்லப் புறப்பட்ட படைக்கும் கடல் ஏறும் வேளை தெரியவில்லை.

இதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடலிலிருந்து இந்தியா வரையுள்ள துறைகளைப் பற்றிக் கையேடு ஒன்று எழுதினார். எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்று அதை அழைக்கின்றனர். ஆசிரியரின் பெயர் தெரியவில்லை. முசிறியையும் நெல்கிந்தாவையும் பற்றிக் கூறுவதால் தமிழ் வரலாற்று மாணவர்களுக்கு இந்நூல் நன்கு அறிமுகமானதே. ஆனால் இந்நூலாசிரியர் மிக விரிவாகவும் மிகுந்த அச்சத்தோடும் விவரிக்கும் இந்தியத் துறை வேறொன்று. அதுவே பாரிகஸா. வடமொழியில் பிருகுகச்சம் என்றும், பாலியில் பருகச்சம் என்றும் வழங்கிய அந்நகர் நருமதையின் வடகரையில் இன்று பரூச் என்னும் பெயரோடு நிலவுகிறது.

எகிப்திலிருந்து பாரிகஸாவுக்குச் செல்வோர் ஜூலை மாதத்தை ஒட்டிப் புறப்பட வேண்டும் என்கிறது பெரிப்ளூஸ். தென்மேற்குப் பருவக்காற்று அவர்களை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நெடுங்கடலைக் கடந்து வந்தபின் வளைகுடாவின் வாயில்தான் உண்மையான இடர் காத்திருந்தது. நிலம் கண்ணுக்குத் தெரியுமுன்பே கடலில் சிறிய பாம்புகள், பச்சையும் பொன்னும் கலந்த நிறத்தில் எதிர்ப்படும். பாரிகஸாவை நெருங்குவதற்கு அது அடையாளம். உள்ளே நுழையும்போது வலப்புறம் ஹெரோனே என்னும் பாறை நிறைந்த திட்டு. இடப்புறம் பாபிகே என்னும் முனை. அங்கே நங்கூரமிட்டால் கரடுமுரடான அடித்தரை நங்கூரக் கயிற்றை அறுத்துவிடும், நீரோட்டமும் கடுமை. இவற்றைக் கடந்து வந்தாலும் ஆற்றின் முகத்துவாரத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. கரை தாழ்ந்த நிலம். அருகில் வந்தாலும் தெளிவான அடையாளம் எதுவும் கண்ணில் படாது. முகத்துவாரத்தைக் கண்டபின் அதன் குறுக்கே மணல்திட்டுகள். நகரமோ ஆற்றினுள் 300 ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

இத்தனை இடர்களுக்கும் பாரிகஸாவின் அரசு கண்ட மாற்று என்ன? கல்லால் அணை கட்டவில்லை. ஆற்றை வெட்டி ஆழப்படுத்தவும் இல்லை. மீனவர்களை ஊதியத்துக்கு அமர்த்தியது. அரச ஊழியத்தில் இருந்த உள்ளூர் மீனவர்கள், துடுப்பு வலிப்போர் நிறைந்த நீண்ட படகுகளில் சௌராட்டிரக் கரை வரை சென்று காத்திருந்து, வரும் கலங்களை எதிர்கொண்டனர் என்று பெரிப்ளூஸ் கூறுகிறது. திராப்பகா, கோடிம்பா என்று அப்படகுகளின் பெயரையும் அது குறித்துள்ளது. இவை கிரேக்கர் கற்பனையில் தோன்றிய பெயர்கள் அல்ல. அங்கவிஜ்ஜா என்னும் பழைய பிராகிருத நூலின் கலப்பட்டியலில் தப்பக, கொட்டிம்ப என்ற பெயர்கள் காணப்படுகின்றன. அயல்நாட்டான் செவிவழிக் கேட்டு எழுதிய சொற்களுக்கு நம் நாட்டு நூலே இவ்வாறு சான்று பகர்கிறது.

இம்மீனவர்கள் செய்த பணியைச் சற்று நெருங்கிக் காண்போம். வளைகுடாவின் வாயிலிலிருந்து அவர்கள் கலங்களைத் திட்டுகளுக்கு இடையே நடத்திச் சென்றனர். தேவையான இடத்தில் கயிறு கட்டித் தம் படகுகளால் இழுத்தனர். ஓதம் ஏறத் தொடங்கும்போது புறப்படுவர். ஓதம் இறங்குமுன் முன்பே குறிக்கப்பட்ட ஓரிடத்தை அடைந்து அங்கே நங்கூரமிட்டுக் கலத்தை நிறுத்துவர். அடுத்த ஓதம் ஏறும்வரை அங்கேயே தங்கல். இவ்வாறு தங்கித் தங்கி நகரை அடைவர். அத்தங்குமிடங்கள் ஆற்றின் ஆழமான பகுதிகள். பெரிப்ளூஸ் அவற்றைக் குறிக்கும் சொல் கிரேக்க மொழியில் பானையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. நாம் மடு என்று சொல்வோமே, அதுதான். ஆறு வற்றிச் சேறாய்க் கிடக்கும் வேளையிலும் மடுவில் கலம் மிதக்க நீர் இருக்கும்.

ஏறும் ஓதத்தில் தொடக்கத்திலேயே ஏன் புறப்பட வேண்டும்? இதில்தான் இக்கலையின் உயிர்நிலை இருக்கிறது. ஏறும் ஓதத்தில் செல்லும் கலம் மணல்திட்டில் தட்டினால் பெருங்கேடு இல்லை. சற்று நேரத்தில் பெருகி வரும் நீரே அதைத் தூக்கிவிடும். நீர் நிறைந்து நின்றபின் புறப்பட்ட கலம் தட்டினால், அடுத்த கணம் முதல் நீர் அதைவிட்டு விலகத் தொடங்கும். கலம் சாயும், சரக்கு சரியும், பலகைகள் பிளக்கும். உவா நாளின் உச்ச ஓதத்தில் தட்டிய கலமாயின் துன்பம் இன்னும் மிகுதி. அதன் பின்னர் வரும் ஓதங்கள் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போகுமாதலால், அதே உயரத்துக்கு நீர் வர அடுத்த உவா வரை, ஏறத்தாழ பதினைந்து நாள், காத்துக் கிடக்க நேரிடும். மிக முந்திப் புகுந்தாலோ, திட்டுகளின் மேல் போதிய நீர் இராது. ஓதத்தின் முதல் வேகம் கலத்தைக் குறுக்கே திருப்பிப் புரட்டிவிடும். முந்துவதும் பிழை, பிந்துவதும் பிழை. இரண்டுக்கும் இடையே உள்ள சில நாழிகைப் பொழுதே அத்துறையின் கதவு திறந்திருக்கும் நேரம்.

அந்நேரத்தை முன்கூட்டி அறிய முடியுமா? முடியும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவரும் இக்கணக்கை எளிதில் உணரலாம். ஓதம் உச்சம் பெறும் வேளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகிறது. நம் அளவையில் ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே திதி ஒன்றுக்கு இரண்டு நாழிகை என்று கொள்ளலாம். பதினைந்து திதிகளில் முப்பது நாழிகை, அதாவது அரை நாள். நாளுக்கு இரண்டு ஓதம் வருவதால், பதினைந்து திதி கழிந்ததும் உச்ச வேளை பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அமாவாசையன்று ஒரு துறையில் ஓதம் எந்நேரத்தில் நிறைகிறதோ, பௌர்ணமியன்றும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் நிறையும்.

ஆயினும் இக்கணக்கில் வானத்தைப் பார்த்து மட்டும் அறிய முடியாத ஒன்று உண்டு. அமாவாசையன்று இந்தத் துறையில் ஓதம் நிறையும் நேரம் எது என்பதே அது. துறைக்குத் துறை அது வேறுபடும். ஆற்றின் முகத்தில் ஒரு நேரம், ஐம்பது கிலோமீட்டர் உள்ளே வேறொரு நேரம். மழை பெய்து நருமதையில் வெள்ளம் வந்தால் ஒரு வகை. கோடையில் வேறொரு வகை. திட்டுகளும் ஆண்டுதோறும் இடம் மாறும். இவற்றை அலெக்சாந்திரியாவில் கற்ற கணிதமோ உஜ்ஜயினியில் கற்ற சோதிடமோ சொல்லிவிடாது. அந்த ஆற்றில் நாள்தோறும் வலை வீசியவனுக்குத்தான் அது தெரியும். அரசு அமர்த்தியது அவன் தோள்வலிமையை மட்டுமன்று. இந்த அறிவையும் சேர்த்தே.

அறிவு இல்லாதவர்க்கு நேர்ந்தது என்ன என்பதையும் பெரிப்ளூஸ் மறைக்கவில்லை. ஓதம் பாயத் தொடங்கிவிட்டால் நங்கூரம் நிற்காது. கலங்கள் பக்கவாட்டில் தள்ளுண்டு திட்டுகளில் மோதி உடையும். சிறு படகுகள் கவிழும். ஆற்றுக் கால்களில் நீர் வற்றியபோது சாய்ந்த கலத்துக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்தாவிட்டால், திரும்பி வரும் ஓதத்தின் முதல் தலைப்பே அதை மூழ்கடித்துவிடும். அமாவாசை இருளில், கடல் இன்னும் அமைதியாய் இருக்கும்போதே, தொலைவில் ஒரு பெரும்படை ஆரவாரித்து வருவது போன்ற ஓசை முகத்துவாரத்தில் இருப்போர் செவியில் விழும் என்றும், சற்று நேரத்தில் கடல் சீறிக்கொண்டு திட்டுகளின் மேல் ஓடிவரும் என்றும் அவர் கூறுகிறார். அந்த ஓசையை நேரில் கேட்டு நடுங்கியவர் எழுத்து இது என்றே தோன்றுகிறது.

இவ்வளவு ஆபத்தான துறையை வணிகர்கள் ஏன் விடாமல் நாடினர்? நாட்டின் உட்பகுதிச் செல்வம் முழுவதும் அவ்வழியே வந்தது. உஜ்ஜயினியிலிருந்தும், கோதாவரிக் கரைப் பைத்தனிலிருந்தும், அதற்கும் கிழக்கேயுள்ள தேர் நகரிலிருந்தும் பருத்தித் துணியும் மணிக்கற்களும் பிற சரக்குகளும் வண்டிகளில் வந்து குவிந்தன. தந்தம், பட்டு, திப்பிலி, நறுமண வேர்கள் ஆகியவை ஏற்றுமதியாயின. திராட்சை மது, செம்பு, தகரம், ஈயம், பவளம், கண்ணாடி ஆகியவை இறங்கின. அந்நாளில் அத்துறையை ஆண்டவனாகப் பெரிப்ளூஸ் குறிக்கும் அரசன் சக மன்னன் நகபானன் என்பது அறிஞர் பலர் கருத்து. நகபானனுடைய மருமகன் உஷவதாதன் பருகச்சத்தில் தங்குமிடம் அமைத்ததையும், தபதி முதலிய ஆறுகளில் கட்டணமின்றிக் கடக்கப் படகுகள் விட்டதையும் நாசிக் குகைக் கல்வெட்டு கூறுகிறது. நீரைக் கடப்போரின் இடர் அறிந்த ஆட்சி என்று இதனால் உணரலாம்.

ஆனால் இதே ஆட்சிக்காலத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தெற்கே கல்யாண் துறைக்குச் செல்லும் கிரேக்கக் கப்பல்கள், தற்செயலாக அங்கே ஒதுங்கினாலும், காவலோடு பாரிகஸாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன என்று பெரிப்ளூஸ் தெரிவிக்கிறது. ஒரு துறையின் வளத்துக்காக மற்றொரு துறை அடைக்கப்பட்டது. அங்கே காவலரின் கை வேலை செய்தது. நருமதையின் முகத்துவாரத்திலோ காவலரால் பயனில்லை. ஓதத்தை அதட்டி நிறுத்த எந்தப் படையாலும் இயலாது. அங்கே மீனவனை நம்பியே தீரவேண்டும்.

ஆற்றுமுகத் துறையின் இவ்வருத்தம் தமிழ்நாட்டுக்கும் புதியதன்று. புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுகையில், பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்துள் புகுந்த பெருங்கலத்தைச் சிறப்பித்துக் கூறுகிறார். அது பெருமையாகப் பேசப்படுகிறது என்றால், மற்ற துறைகளில் பாயை இறக்கிப் பாரத்தைக் குறைத்தே புகவேண்டியிருந்தது என்பது சொல்லாமலே விளங்கும். பாண்டிய அரசுக்குட்பட்ட நெல்கிந்தா ஆற்றில் திட்டுகள் மிகுந்திருந்ததால், கப்பல்கள் கடலோரத்துப் பகரே என்னும் இடத்துக்கு இறங்கி வந்து சரக்கை ஏற்றிக்கொண்டன என்று பெரிப்ளூஸும் கூறுகிறது. தென்னாட்டில் பாரத்தைக் குறைத்துத் தீர்த்த சிக்கலை, ஓதம் பெரிதாக உள்ள பாரிகஸாவில் வேளையைக் கணித்துத் தீர்த்தனர்.

நூற்றாண்டுகள் பல கடந்தும் அவ்வளைகுடாவின் இயல்பு மாறவில்லை. கி.பி. 915ஐ ஒட்டிக் காம்பே நகருக்கு வந்த அரபு அறிஞர் அல்மசூதி, வறண்ட மணலில் படுத்திருந்த நாய் ஒன்று, மலைபோல் வந்த ஓதத்தைக் கண்டு கரையை நோக்கி ஓடியும் தப்ப முடியாமல் மூழ்கியதைக் கண்டதாக எழுதினார். 1342இல் வந்த இபின் பதூதா, நீர் வற்றியபோது சேற்றில் கிடந்த கப்பல்கள் ஓதம் ஏறியதும் மிதந்ததைக் கண்டார். பிற்காலத்தில் சூரத்து ஓங்கியபோதும், பெரிய ஐரோப்பியக் கப்பல்கள் தபதியாற்றின் திட்டுகளைக் கடக்க இயலாமல் வெளியே சுவாலியில் நங்கூரமிட்டன.

புத்த ஜாதகக் கதைகளில் சுப்பாரகன் என்னும் மாலுமி வருகிறான். பருகச்சத்தில் மாலுமித் தலைவனின் மகனாய்ப் பிறந்து, தானும் தலைவனாகி, கடலின் உப்புநீரால் இரு கண்ணும் இழந்தவன். பார்வையற்ற அவனைத்தான் வணிகர்கள் தேடி வந்து தம் கப்பலை நடத்தித் தருமாறு வேண்டினர். இது கதையே, எனினும் பருகச்சத்து மக்கள் எதை மதித்தனர் என்பது இதிலிருந்து புலனாகும். கண் போனாலும் அவனிடம் கடலறிவு இருந்தது.

இன்று ஓத அட்டவணைகள் அச்சாகின்றன. கணிப்பொறி நொடியில் கணக்கிடுகிறது. ஆயினும் சேறு தன் இயல்பை விட்டுவிடவில்லை. வளைகுடாவின் இரு கரைகளையும் இணைக்க 2017இல் கோகாவுக்கும் தகேஜுக்கும் இடையே தொடங்கப்பட்ட கப்பல் சேவை, தகேஜ்ப் பக்கம் வண்டல் படிந்து ஆழம் குறைந்ததால் 2019இல் நிறுத்தப்பட்டது. அதே 2017இல், பரூச் நகருக்குக் கீழே நருமதையின் கழிமுகத்தில் பாட்பூத் என்னும் இடத்தில் தடுப்பணை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலின் உப்புநீர் ஆற்றினுள் ஏறாமல் தடுத்து நன்னீரைத் தேக்குவது அதன் நோக்கம். குடிநீரும் பாசனமும் வேண்டுவோர்க்கு அது நன்மை. உல்லம் மீன் ஆற்றிலேறி வருவதை நம்பிப் பிழைக்கும் மீனவர்க்கோ அது கவலை. ஒரு காலத்தில் உலக வாணிகத்தைத் தோளில் சுமந்து நகருக்குக் கொண்டுவந்த ஓதத்தை வாயிலிலேயே நிறுத்திவிடும் திட்டம் இது.

நகபானனின் பெயர் காசுகளில் இருக்கிறது. உஷவதாதனின் தருமம் கல்லில் இருக்கிறது. படகுகளின் பெயர்களும் ஏட்டில் இருக்கின்றன. அப்படகுகளில் நின்று, இருளில் ஓதத்தின் முதல் ஓசையைக் கேட்டு, இதுதான் வேளை என்று கயிறு வீசிய மீனவர் ஒருவரின் பெயரும் எங்கும் இல்லை. அலெக்சாந்தர் அவர்களைப் போன்றோரைப் பிடித்துவரச் செய்தான். பாரிகஸாவின் அரசன் ஊதியம் கொடுத்து அமர்த்தினான். ஆற்றைப் பற்றி இனி எடுக்கப்படும் முடிவுகளிலும் ஆற்றை அறிந்தவனைக் கேட்டறியும் வழக்கம் நிலைக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஒரு வணிகன், தன் கலம் உடையாமல் கரை சேர்ந்த நன்றியால் எழுதிவைத்த சில பக்கங்கள் நமக்கு உணர்த்துவது இதையே.